வராமல் இருந்ததற்காக ஒரு செனட்டருக்கு மரண தண்டனை

கி.பி. 66-இல் ரோம செனட்டர் திரசேயா பைட்டஸ் மீது சொல்லப்பட்ட குற்றங்களைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் செனட்டர்கள் எடுக்கும் உறுதிமொழிக்கு வரவில்லை. பேரரசர் நீரோவின் நலனுக்காகவோ அவருடைய தெய்விகக் குரலுக்காகவோ ஒருமுறைகூடப் பலி கொடுக்கவில்லை. நீரோவின் மனைவி பொப்பேயாவின் இறுதிச்சடங்குக்குப் போகவில்லை. மூன்று வருஷமாக செனட் பக்கமே தலைகாட்டவில்லை. அவ்வளவுதான். சதி செய்தார் என்றோ பணத்தைத் திருடினார் என்றோ ஒரு வரிகூடக் கிடையாது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, குற்றம் சாட்டியவரே ஆத்திரத்தில் சொன்ன ஒன்று: திரசேயா எதைச் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் மாகாணங்களிலும் படை முகாம்களிலும் அரசின் அன்றாடச் செய்தி அறிக்கையை விழுந்து விழுந்து படிக்கிறார்களாம். ஒரு மனிதர் சும்மா இருந்ததே அந்த அளவுக்குப் பேசப்பட்டிருக்கிறது.

திரசேயாவின் ஊர் பதாவியம், இன்றைய வட இத்தாலியின் பதுவா. 56-இல் ரோமின் உயர் பதவியான கான்சல் பதவியை வகித்தவர். உணர்ச்சிகளுக்கு அடிமையாகாமல் அறத்தோடு வாழச் சொல்லும் ஸ்டோயிக் தத்துவத்தில் ஊறியவர். சீசரை எதிர்த்து நின்று உயிர்விட்ட கேட்டோவின் வாழ்க்கையை எழுதியவர். 57-இல் சிலிசியா மாகாணத்து மக்கள் தங்களைச் சுரண்டிய ஆளுநர் கோசுசியானஸ் கப்பிட்டோ மீது வழக்குப் போட, அவர்கள் பக்கம் நின்று கப்பிட்டோவுக்குத் தண்டனை கிடைக்க உதவினார். இந்தக் கப்பிட்டோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் டிகெல்லினஸ் நீரோவிடம் செல்வாக்குள்ள ஆள் என்பதால், பிற்பாடு செனட்டுக்குள் திரும்பி வந்துவிடுவார்.

59-இல் நீரோ சொந்தத் தாய் அக்ரிப்பினாவைக் கொன்றுவிட்டு, அவள்தான் தன்னைக் கொல்லப் பார்த்தாள் என்று செனட்டுக்குக் கடிதம் எழுதினான். செனட்டர்களோ போட்டி போட்டுக்கொண்டு நன்றி வழிபாடு, தங்கச் சிலை, அவள் பிறந்தநாள் இனிமேல் கெட்ட நாள் என்று தீர்மானங்களை அடுக்கினார்கள். அதுவரை இப்படிப்பட்ட ஜால்ராக்களை மௌனமாகவோ ஒரு வார்த்தையிலோ கடந்துபோன திரசேயா, அன்று எழுந்து வெளியே போய்விட்டார். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதைச் சொல்லிவிட்டு, அவர் தனக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டாரே தவிர மற்றவர்களுக்குச் சுதந்திரம் பிறக்கவில்லை என்கிறார். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் மூன்றே வருஷத்தில் நடந்ததை அதே டாசிட்டஸ்தான் எழுதி வைத்திருக்கிறார்.

62-இல் அன்டிஸ்டியஸ் என்ற பிரேட்டர் (நீதித்துறை உயர் அதிகாரி), ஒரு விருந்தில் நீரோவைக் கிண்டலடித்துக் கவிதை வாசித்துவிட்டார். புகார் கொடுத்தது நம்ம கப்பிட்டோ. விருந்து கொடுத்த வீட்டுக்காரர் ஆஸ்டோரியஸ், தன் காதில் எதுவுமே விழவில்லை என்று சாட்சி சொன்னார். ஆனாலும் அன்டிஸ்டியஸைப் பழைய வழக்கப்படி கொல்ல வேண்டும் என்று தீர்மானம் வந்தது, பலரும் தலையாட்டினார்கள். திரசேயா எழுந்தார். நீரோவைத் தாராளமாகப் புகழ்ந்தார், அன்டிஸ்டியஸைக் கடுமையாகத் திட்டினார், அப்புறம், நல்ல பேரரசர் ஆளும்போது தூக்குக்கயிறும் தூக்கிலிடுபவனும் எதற்கு, சட்டத்தில் வேறு தண்டனைகள் இருக்கின்றனவே, சொத்தைப் பறித்துத் தீவுக்கு அனுப்பினால் போதும் என்றார். சபை அப்படியே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னாளில் பேரரசனாகப்போகிற விட்டெல்லியஸ் மாதிரி சிலர்தான் எதிர்த்தார்கள். விட்டெல்லியஸ் நல்லவர்களிடம் சண்டைக்குப் போவான், பதில் வந்ததும் வாயை மூடிக்கொள்வான். கான்சல்கள் பயந்துபோய் நீரோவிடம் கேட்டு எழுத, எரிச்சல் அப்பட்டமாகத் தெரிகிற பதில் வந்தது. அதைப் படித்த பிறகும் திரசேயா மாறவில்லை, பெரும்பான்மையோரும் மாறவில்லை. ஒரு உயிர் தப்பியது. அவருடைய சுதந்திரம் மற்றவர்களின் அடிமைத்தனத்தை உடைத்தது என்று இங்கே டாசிட்டஸே எழுதுகிறார். 59-இல் வெளியே நடந்தவர் என்பதால்தான் 62-இல் அவர் சொல்லுக்கு அந்த எடை இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்கப்புறம் நிலைமை மோசமானது. செனட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 66-இல் கப்பிட்டோவும் எப்ரியஸ் மார்செல்லஸும் சேர்ந்து வழக்கை நடத்த, விசாரணை அன்று பேரரசரின் மெய்க்காவல் படையான பிரிட்டோரியன் படையின் இரண்டு பிரிவுகள் ஆயுதத்தோடு, செனட் கூடிய இடத்தருகே ஒரு கோவிலைச் சூழ்ந்து நின்றன. செனட் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரமுள்ள ட்ரிப்யூன் பதவியில் இருந்த ருஸ்டிகஸ் என்ற இளைஞர், நான் வீட்டோ போடுகிறேன் என்று துடித்தார். வேண்டாம், உன்னைக் காவு வாங்கிவிடும், எனக்கும் பயன்படாது என்று தடுத்தவர் திரசேயா. வீரத்தைக் காட்ட அடுத்தவன் உயிரைப் பயன்படுத்தாத இந்தக் குணத்துக்காகவே அவரை மதிக்கிறேன். தீர்ப்பு வந்தது: சாகும் விதத்தை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குற்றம் சாட்டிய இருவருக்கும் ஆளுக்கு 50 லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) பரிசு.

மனைவி அரியா கூடவே சாகத் தயாரானாள். அவளுடைய அம்மா, அவள் பெயரும் அரியாதான், 42-இல் கணவனுக்கு மரணம் விதிக்கப்பட்டபோது முதலில் தன்னைக் குத்திக்கொண்டு, வலிக்கவில்லை என்று கத்தியை அவரிடம் நீட்டியவள். அப்போது அவளைத் தடுக்கப் பார்த்தவர் மருமகன் திரசேயா. நான் சாக நேர்ந்தால் உங்கள் மகளும் என்னோடு சாக வேண்டுமா என்று கேட்டதற்கு, நாங்கள் வாழ்ந்ததுபோல அவளும் உங்களோடு வாழ்ந்திருந்தால் ஆமாம் என்றாள் மாமியார். 24 வருஷம் கழித்து அந்த நேரம் உண்மையாகவே வந்தபோது அவர் மனைவியிடம் சொன்னது வேறு: நீ உயிரோடு இரு, நம் மகளுக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.

அந்த மகள்தான் ஃபன்னியா. பிற்காலப் பேரரசர் டொமீஷியன் ஆட்சியில், திரசேயாவைப் புகழ்ந்து எழுதியதற்காக ருஸ்டிகஸ் கொல்லப்பட்டார். ஃபன்னியாவின் கணவர் ஹெல்விடியஸின் வாழ்க்கையை எழுதிய செனெசியோவும் கொல்லப்பட்டார். எழுதச் சொன்னது நீயா என்று ஃபன்னியாவை மிரட்டிக் கேட்டார்கள். ஆமாம் என்றாள். குறிப்புகள் கொடுத்தாயா? கொடுத்தேன். உன் அம்மாவுக்குத் தெரியுமா? தெரியாது. சொத்தைப் பறித்து நாடுகடத்தினார்கள், அந்தப் புத்தகத்தை அழிக்கவும் உத்தரவு போட்டார்கள். அவள் அதைப் பத்திரப்படுத்திக் கையோடு எடுத்துப் போனாள்.