மில் மூடிய பிறகு கணக்கு வாங்கிய விதம்

கோவையில் மில்கள் ஓடிய நாட்களில் வேலையில் தகராறு என்றால் யாரைப் பார்ப்பது என்ற கேள்வியே எழாது. சங்கத்து ஆள் பக்கத்து ஷிப்டில் இருப்பார். மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அந்த ஆட்களும் போய்விட்டார்கள். 2018இல் எங்கள் மில் நின்றபோது சங்க அலுவலகமும் பூட்டிக் கிடந்தது. நான் கோன் வைண்டிங்கில், அதாவது நூலைக் கோன்களில் சுற்றும் பிரிவில், வேலை பார்த்தேன்.

நிர்வாகம் ஒரு தொகையைச் சொல்லி, "முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டது. நான் போடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் முன்பணம் கேட்டார். அதைக் கொடுக்க வழியில்லாததால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டதை எல்லாத் தொழிலாளர்களிடமும் உரக்கச் சொல்ல வேண்டும்: 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. பெண்களுக்கும் அப்படியே. இலவச வக்கீல் என்றால் அக்கறை இருக்காது என்று பலர் தயங்குகிறார்கள். எனக்கு வந்தவர் என் காகிதங்களை ஒன்றுவிடாமல் படித்தார்.

எல்லாப் பணத்தையும் ஒரே மனுவில் கேட்க முடியாது என்று முதலில் விளக்கியவர் அவர்தான். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி, மூடல் இழப்பீட்டுக்குத் தொழிலாளர் நீதிமன்றம், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக்கு அதன் அலுவலகம். மில்லுக்கு வேறு மாநிலத்தில் கிளை இருந்தால் கிராஜுவிட்டி மனு மத்திய அரசின் அதிகாரிக்குப் போக வேண்டும்; எங்களுடையதற்கு இல்லை.

உண்மையான சண்டை கிராஜுவிட்டிக் கணக்கில்தான். கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்க வேண்டும். அதுதான் ஒரு வருடத்துக்கான தொகை. நிர்வாகம் 30ஆல் வகுத்திருந்தது. 13,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு வருடத்துக்கு 7,500 வர வேண்டிய இடத்தில் 6,500தான் வரும். இருபது வருடம் உழைத்தவருக்கு இருபதாயிரம் ரூபாய் இழப்பு! அது போதாதென்று, நான் சேர்ந்த தேதியையும் தள்ளிப் போட்டிருந்தார்கள். பழைய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) அட்டையும் பி.எஃப். சீட்டும் அதை உடைத்தன. அந்தப் பழந்தாள்களைத் தயவுசெய்து யாரும் எறியாதீர்கள்.

முதலில் கிராஜுவிட்டி கேட்டு நிர்வாகத்துக்குப் படிவம் 'ஐ', ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில். முப்பது நாளில் பணம் வராததால் அதிகாரியிடம் படிவம் 'என்'. அப்போது இதற்குத் தொண்ணூறு நாள் கெடு இருந்தது. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னித்தார்கள். பிறகு வாய்தா மேல் வாய்தா. மில் தரப்பில் வராத நாட்களும் உண்டு. வட்டியோடு கொடுக்கும்படி உத்தரவு வந்தும் பணம் வரவில்லை. அதே அதிகாரியிடம் வசூல் சான்றிதழ் கேட்டு மனுப் போட்டோம். அது கலெக்டருக்குப் போனால் நில வரி பாக்கி போல வசூலிப்பார்கள். அதற்கான நோட்டீஸ் கிடைத்த பிறகுதான் நிர்வாகம் காசோலை கொடுத்தது.

2025 நவம்பர் 21 முதல் கிராஜுவிட்டி, மூடல் இழப்பீடு போன்றவற்றுக்கான பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. எனவே படிவத்தின் பெயரையும் கெடுவையும் ஆணைக்குழுவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். எங்கள் மூடல் இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. அதில் என்னோடு வைண்டிங்கில் இருந்த பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள்.