மழைக்கால மேசை: ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பள்ளி நூலகத்தில் புத்தகக் காட்சி வைக்கத் தோதான நேரம்.

ஒரு மேசை, பதினைந்து புத்தகம் போதும். நாற்பதை அடுக்கினால் ஒன்றையும் எடுக்க மாட்டார்கள். முதுகு அல்ல, அட்டை முகம் தெரிய நிறுத்துங்கள். பேய்க்கதை, புயல், துப்பறிதல், காமிக்ஸ் எல்லாம் கலந்திருக்கட்டும். நீதிக்கதை வேண்டாம், பதினான்கு வயதுக்காரர்கள் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஐந்து புத்தகத்தை, எதுவென்று தெரியாதபடி பழுப்புத் தாளில் சுற்றி, மேலே கதையைப் பற்றி மூன்றே குறிப்பு எழுதுங்கள்: "தீவு, பொய், ஒற்றைச் செருப்பு". புத்தகத்தின் பதிவேட்டு எண்ணைப் பொட்டலத்தின் பின்பக்கம் பென்சிலில் குறித்துவிடுங்கள். மறந்தால், இரவல் பதியும்போது பிரித்துப் பார்க்க வேண்டிவரும், மர்மம் போச்சு.

ஜன்னலோரம் மேசை போடாதீர்கள். சாரலில் அட்டை உப்பும், செலோ டேப் கழன்று தொங்கும். படங்களை மாட்ட சணல் கயிறும் துணி கிளிப்பும்தான் நிற்கும்.

காலியான இடத்தை அன்றே நிரப்புங்கள். இரண்டு வாரம் தாண்டினால் பழகிப்போய், மேசை கண்ணில் படாது. மதிப்புரை எழுதச் சொன்னால் அது வீட்டுப்பாடம். படித்தவர் ஒரு வரியைத் துண்டுச்சீட்டில் எழுதிப் புத்தகத்தில் செருகினால் போதும். "நடுவில் போரடிக்குது, கடைசி செம" என்றிருந்தாலும் அந்தச் சீட்டை எடுக்காதீர்கள்.