விடுதிச் சாப்பாடும் வீகன் பிள்ளைகளும்

மெல்பேர்ணில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது ஊரில் எங்கள் பள்ளி விடுதி வாழ்க்கையைப் பற்றி. விடுதி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது குசினிதான், படிப்பெல்லாம் அப்புறம். ஆனால் குசினியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் போன வருட இராவிருந்துச் சண்டையைத் தொடாமல் விட முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் செயலாளர் முன்பாதியை வெட்டட்டும்.

எழுபதுகளில் எங்கள் விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மச்சம், அதாவது மீன் இறைச்சி, கிடையாது. முட்டைகூட இல்லை. காலையில் பாணும் சம்பலும், அல்லது இடியப்பமும் சொதியும். மத்தியானம் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, ஏதாவது ஒரு வறை. இரவில் புட்டு. குசினி ஐயா பெரிய கிடாரத்தில் சொதி வைக்கும்போது தேங்காயின் முதற்பாலைக் கடைசியில்தான் விடுவார். விட்டதும் அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்துவிட்டு, திரைந்துபோகாமல் அகப்பையால் ஆற்றிக்கொண்டே நிற்பார். அந்த நேரம் பார்த்துக் குசினி வாசலில் நின்றால் ஒரு சிரட்டையில் கொஞ்சம் கிடைக்கும். தேசிக்காய் விடுவதற்கு முந்திய அந்தச் சொதியின் ருசி வேறு.

ஏன் சைவம் என்று எங்களுக்கு ஒருவரும் விளக்கவில்லை. அந்தக் குசினியில் அதுதான் சமைப்பார்கள், அவ்வளவுதான். சனிக்கிழமை ரவுணுக்குப் போக அனுமதி கிடைத்தால் பாதிப்பேர் நேரே ஓடுவது இறைச்சி ரோல்ஸ் கடைக்கு. திரும்பும்போது வாயைக் கொப்பளித்துவிட்டு வருவோம். வோர்டனுக்கு அது தெரியாமலில்லை. அவர் கேட்டதுமில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். எங்கள் தமிழ் ஆசிரியர். எந்தப் பாடம் எடுத்தாலும் எப்படியாவது புலால் மறுத்தலில் கொண்டுவந்து முடிப்பார். ஒருநாள் திருக்குறளில் அந்த அதிகாரமே பாடமாக வந்துவிட்டது, மனுஷனுக்குக் கொண்டாட்டம். 256ஆம் குறளை எடுத்தார். தின்பதற்காக உலகம் வாங்காவிட்டால், விலைக்கு ஊன் விற்பவரும் இருக்க மாட்டார் என்பது அதன் கருத்து. கொல்பவனுக்கு வரும் பாவத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். வகுப்பில் சிலர் திரும்பிப் பின்வரிசை வாங்கை (பெஞ்சை) பார்த்தார்கள். அங்கே கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெடியன் இருந்தான். அவனுடைய தகப்பன் கடற்றொழில்.

அவன் எழும்பினான். "சேர், அப்ப கடலுக்குப் போறவனைவிட மீன் வாங்கித் தின்னிறவனிலதானே வள்ளுவர் பிழை சொல்லுறார்?"

ஆசிரியர் புத்தகத்தை மறுபடி பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நீர் கேட்டது சரி, இரும்" என்றார். பிறகு அன்றைக்குப் பாவம் பற்றிப் பேச்சே இல்லை. மீன் வாங்கித் தின்பவர்கள் எல்லாரும் முன்வாங்குகளில்தானே இருந்தோம்.

இறைச்சி, மீனோடு பாலையும் முட்டையையும்கூட விட்டுவிட்ட வீகன் பிள்ளைகள் மற்றவர்களுக்கு உபதேசம் செய்யலாமா என்று எங்கள் சங்கத்தில் இப்போது பெரிய விவாதம். "அவரவர் சாப்பாடு அவரவர் விருப்பம், அதில் மற்றவருக்கு என்ன கதை?" என்று கேட்பவர்கள்தான் கூட. எனக்கு அது புதினமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சாப்பாடு எந்தக் காலத்தில் அவரவர் விருப்பமாக இருந்தது? ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மேடையேறி அவர் கண்டித்தவற்றில் கொலையும் புலாலுண்ணலும் முக்கியமானவை. பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். மிஷனரிமார் பிரசங்கம் செய்யும் முறையைக் கிட்ட இருந்து பார்த்து, அதையே சைவ சமயத்துக்கு எடுத்துக்கொண்டவர். சந்தியில் ஆளை மறித்து நின்று கதைக்கும் இன்றைய வீகன்காரரைக் கண்டால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். பாலை மட்டும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

ஆனால் நாவலருடைய பிரசங்கத்தால் ஊர் முழுக்க மச்சத்தை விட்டுவிடவில்லை. விட்டது நாட்கணக்கில்தான். வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, கௌரி விரதம், நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாள். அந்த 25 நாளும் சமையலுக்குத் தனிச்சட்டி எடுத்த வீடுகள் எத்தனை! மற்ற நாளில் ஆட்டிறைச்சிப் பங்குக்கு முதல் ஆளாகக் காசு கட்டுபவர்கூட கொடியேறிவிட்டால் கத்தரிக்காயோடு நிற்பார். யாரும் அவரோடு வாதாடியதில்லை. பக்கத்து வீட்டிலும் அதே, சொந்தக்காரர் வீட்டிலும் அதே. மனிதர் சாப்பாட்டை மாற்றுவது பெரும்பாலும் இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. வாதத்தில் தோற்று ஒருவன் கறியைக் கைவிட்டதை நான் கண்டதில்லை.

இதில் ஒரு கறையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் மச்சம் தின்னாமை ஆட்டின்மேல் வைத்த இரக்கமாக மட்டும் இருந்ததில்லை. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரைக் கிணற்றடிக்கு விடலாம் என்பதோடும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. தின்பவனை அசுத்தமானவன் என்று பார்த்துப் பழகிய வாய்க்கு, விலங்குக்கு நோகும் என்று சொல்ல வராது. வேள்வி விஷயத்திலும் அதுதான். 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலிக்குத் தடை விதித்தபோது, அதை வரவேற்றவர்களில் எத்தனைபேர் அந்தக் கிடாய்களுக்காகப் பேசினார்கள், எத்தனைபேர் அந்தக் கோயிலடிச் சனத்தைப் பிடிக்காமல் பேசினார்கள் என்று பிரித்தெடுப்பது கஷ்டம்.

சரி, மெல்பேர்ணுக்கு வருவோம். 2019 ஏப்ரல் 8ஆம் திகதி திங்கட்கிழமை காலை, பிளிண்டர்ஸ் வீதியும் சுவான்ஸ்டன் வீதியும் சந்திக்கும் இடத்தில் வீகன்காரர்கள் வான்களைக் குறுக்கே நிறுத்தி, ட்ராம் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நகரத்தின் நடுநாடி அது. பொலிஸார் 39 பேரைக் கைதுசெய்தார்கள். அன்றைய பிரதமர் ஸ்கொட் மொரிசன், அவுஸ்திரேலியருக்கே ஒவ்வாத செயல் என்று திட்டினார். நான் வேலைக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் கந்தோரில் அன்று மத்தியானம் வழக்கமாகச் சலாட் சாப்பிடும் ஒருவர் வேண்டுமென்றே ஸ்டேக் வாங்கிவந்து எல்லாருக்கும் காட்டிச் சாப்பிட்டார். ஆத்திரத்துக்குச் சாப்பிட்டவரைப் பார்த்தது அன்றுதான்.

இதே நகரத்தில்தான் 1946இல் பீற்றர் சிங்கர் பிறந்தார். விலங்குகளின் வேதனையையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று 1975இல் புத்தகம் எழுதி உலகத்தையே வாதத்துக்கு இழுத்தவர். ஆறுதலாக, காரணத்தோடு எழுதுகிறவர். தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் பலருக்கு அவர் எழுத்து அத்துபடியாக இருந்திருக்கும். வாசித்ததற்கும் வான் நிறுத்தியதற்கும் நடுவில் எங்கேயோ பொறுமை தீர்ந்துவிட்டது.

இனி இராவிருந்து. எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனின் மகள், பல்கலைக்கழகம் முடித்தவள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும் படிப்பிக்கிறாள். அவள் செயற்குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள்: இந்த வருடம் விருந்தை முழுக்க வீகனாக வையுங்கள், உங்கள் விடுதியே மச்சமில்லாத விடுதிதானே என்று. கடிதம் நல்ல தமிழில் இருந்ததால் குழுவில் பாதிக்கோபம் அடங்கியது. மீதிக்கோபம் பால் என்ற இடத்தில் கிளம்பியது.

கிளம்பியவர் எங்களுக்கு மூத்த ஒரு அண்ணை. பிறந்ததிலிருந்து சைவம், எங்களுக்கெல்லாம் வருடக்கணக்காக மச்சத்தை விடச்சொல்லி வந்தவர். "சைவச் சாப்பாடு போடுங்கோ, நான் முதல் கை தூக்கிறன். தயிரில என்ன பாவம்? மாட்டைக் கொல்லிறமோ?"

அவள் கூட்டத்துக்கு வந்து பதில் சொன்னாள். அவுஸ்திரேலியாவில் கறக்கும் பாலில் பாதிக்கு மேல் எங்கள் விக்டோரியாவில்தான். பால் சுரக்க மாடு கன்று போடவேண்டும். பெரும்பாலான பண்ணைகளில் கன்றை ஒருநாளிலேயே பிரித்துவிடுவார்கள். நாம்பன் (ஆண்) கன்றுகளில் பண்ணைக்குத் தேவைப்படாதவை பிறந்து சில நாட்களிலோ வாரங்களிலோ இறைச்சிக்குப் போகும். "அங்கிள், உங்கட தயிருக்குப் பின்னால ஒரு கண்டு இருக்கு" என்றாள், குரலை உயர்த்தாமல்.

அண்ணைக்கு இது பிடிபடவில்லை. ஊரில் அவர் வீட்டில் மாடு கறந்தவர். முதலில் கன்றை ஊட்டவிட்டு, மடி இறங்கியதும் கன்றை இழுத்து முன்காலோடு கட்டி, கறந்து முடிந்ததும் மிச்சத்துக்கு மறுபடி அவிழ்த்துவிடும் பழக்கம். மாட்டுக்குப் பெயர் இருக்கும், பட்டிப்பொங்கலுக்குப் பொட்டு இருக்கும். அவர் மனதில் பால் என்றால் அந்தப் பால். கடைக்குப் போய் அவர் தூக்கிவருவது வேறு. அவர் வாதத்தில் விடவில்லை, ஆனால் அந்தக் கூட்டத்தில் தேத்தண்ணியை வெறுமையாகக் குடித்தார். நான் கவனித்தேன்.

பாலைப் பற்றிய இந்தச் சண்டை சைவர்களுக்குள் மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலியோர், பாலையும் விட்டவர்களுக்காக மரக்கறிச் சங்கத்தின் சஞ்சிகையில் கொஞ்ச இடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அதன்பின் 1944இல் தனியாக வீகன் சங்கம் தொடங்கினார்கள். சஞ்சிகையில் இடம் கொடுக்காமல் விட்டதால் ஒரு இயக்கமே பிறந்தது என்பதை எங்கள் மலர்க்குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

அவளுக்கு எதிராக வந்த இன்னொரு முறைப்பாட்டில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். தமிழ்ப் பள்ளியில் கன்றுக்குட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அடுத்தநாள் ஒரு சின்னப்பிள்ளை முட்டையையும் பாலையும் தள்ளிவைத்துவிட்டு அழுதிருக்கிறது. தாய்க்குக் கோபம். காந்திக்கும் தென்னாபிரிக்காவில் இதே கதைதான் நடந்தது. சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். டர்பனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தார் வீட்டுக்கு ஞாயிறுதோறும் போவார். அவர்களுடைய சின்னப் பையனின் தட்டிலிருந்த இறைச்சியைக் குறைத்துப் பேசி, தன் தட்டிலிருந்த அப்பிளைப் புகழ்ந்தார். பையனும் அந்தப் பேச்சில் இழுபட்டு அப்பிளைப் புகழத் தொடங்கிவிட்டான். தாய் வந்து, இந்தப் பேச்சு என் பிள்ளைக்கு வேண்டாம் என்றாள். காந்தி வாதாடவில்லை, போவதையே நிறுத்திக்கொண்டார். பெரியவர்களோடு எவ்வளவும் மோதலாம், பிள்ளையிடம் சொல்வதென்றால் தாய் தகப்பனையும் வைத்துக்கொண்டு சொல் என்று நான் அவளிடம் சொன்னேன். "அப்ப இறைச்சி விளம்பரம் மட்டும் பிள்ளையளிட்ட அம்மாவைக் கேட்டோ வருது, அங்கிள்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

விருந்து கடைசியில் இப்படி முடிந்தது: ஆட்டிறைச்சிக் கறி இருந்தது. பாயசம், பச்சடி, இனிப்பு மூன்றும் அவளும் நண்பர்களும் பொறுப்பெடுத்துத் தேங்காய்ப்பாலில் செய்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அதில் ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் ஊர்ச் சமையலில் தேங்காய்ப்பாலும் நல்லெண்ணெயும் போகும் தூரத்துக்கு மாட்டுப்பால் போவதில்லை. சொதி, பால்க்கறி, வறை, குழம்பு எல்லாம் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். பாயசம் இரண்டாம் முறை வாங்கக் கியூ நின்றது. அப்புறம் மேடையில் அறிவிப்பாளர் விஷயத்தை உடைத்தார். உடனே எனக்குப் பக்கத்தில் இரண்டு கிண்ணம் முடித்திருந்தவர் சொன்னார்: "அதுதான் பார்த்தன், ஏதோ குறையிற மாதிரிக் கிடந்தது."

எனக்கு அந்த ஒளிப்பு பிடிக்கவில்லை. நல்லதையே ஒளித்துக் கொடுத்தாலும் ஏமாற்றப்பட்டவன் ஏமாற்றத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பான். எங்கள் குசினி ஐயா எதையும் ஒளிக்கவில்லை. நாவலரும் ஒளிக்கவில்லை. அவள் சொல்வதில் பெரும்பகுதி சரி என்றே நினைக்கிறேன். சரியென்று பட்டதை வெளிப்படையாகச் சொல்லி ஆள்சேர்க்க அவளுக்கு முழு உரிமை உண்டு. அவள் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசட்டும். பேசும்போது முன்வாங்கைப் பார்த்துப் பேசட்டும். மீன்கடையில் நின்று கை விறைக்க வெட்டிக்கொடுக்கும் ஆளைப் பார்த்து வேண்டாம், வாங்கிப்போகும் எங்களைப் பார்த்து. நான் இன்னும் வாங்குகிறேன். முன்பைவிடக் குறைவு.

ஆகவே இந்த வருட ஒழுங்கு இது, செயற்குழு ஏற்றுக்கொண்டது: ஆட்டிறைச்சிக் கறி ஒரு மேசையில். மற்ற மேசைகள் எல்லாம் வீகன். எதில் என்ன இருக்கிறது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கப்படும். தயிர் வேண்டியவர்கள் கேட்டு வாங்கலாம். சாப்பாட்டுக்கு முன் அவள் பத்து நிமிடம் பேசுவாள், மூத்த அண்ணை பத்து நிமிடம் பதில் சொல்வார், தலைமை நான். மூன்றாவதாகப் பேச விரும்புகிறவர்கள் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுக்கவும். கடற்கரைப் பக்கத்து ஆட்கள் யாராவது கொடுத்தால் நல்லது.