எழுபதுகளில் சிறந்தவர் அலி இல்லை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் கிளாஸ் முன்னால், எழுபதுகளின் சிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்ற பேச்சு வந்தால் பதில் உடனே விழும்: "முகமது அலிதான் லா, இதுல என்ன கேள்வி?" காரணமும் கையோடு இருக்கும். 1975 ஜூலை 1-இல் நம்ம மெர்டேக்கா அரங்கத்திலேயே ஜோ பக்னரோடு 15 சுற்று ஆடினாரே! ஆடினார், பாயிண்டில் ஜெயித்தார். ஆனால் அந்தச் சண்டையை இப்போது போட்டுப் பாருங்கள், கொட்டாவி வரும். பக்னர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டே பாதி நேரத்தை ஓட்டிவிட்டார்.

பத்தாண்டுக் கணக்கு என்றால் 1970 ஜனவரி முதல் 1979 டிசம்பர் வரை நடந்தது மட்டும்தான் செல்லும். அறுபதுகளின் அலியை இதில் சேர்க்கக் கூடாது. எழுபதுகளில் அவர் தோற்றது மூன்று: 1971-இல் ஃப்ரேசியர், 1973-இல் தாடையை உடைத்த நார்ட்டன், 1978-இல் ஸ்பிங்ஸ். 1976-இல் ஜிம்மி யங்கோடும் நார்ட்டனோடும் அவருக்குக் கிடைத்த தீர்ப்புகள் இன்றும் சண்டைக்கு இழுக்கும். கின்ஷாசாவில் சாம்பியன் ஃபோர்மேனை எட்டாவது சுற்றில் சாய்த்தது தனி ரகம், அதை யாரும் குறைக்க முடியாது. அந்த ஒரு இரவை வைத்துப் பத்து வருஷத்தையும் கொடுத்துவிட முடியாது, அவ்வளவுதான்.

அந்தப் பத்தாண்டில் தோல்வியே இல்லாதவர் வேண்டுமா? கார்லோஸ் மொன்சோன். 1970 நவம்பரில் ரோமில் பென்வெனுட்டியைப் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்தி மிடில்வெயிட் (நடு எடைப்பிரிவு) பட்டத்தை எடுத்தார். 14 முறை காப்பாற்றி, 1977-இல் பட்டத்தோடே விலகினார். (பிறகு மனைவியைக் கொன்று சிறைக்குப் போனவர். இங்கே எடை போடுவது வளையத்துக்குள் நடந்ததை மட்டும்.) நீளமான இடது கையால் எதிராளியை ஒரு கை தூரத்திலேயே நிறுத்தி, நேர் வலதை இறக்குவார். ஒரு குறை உண்டு: அவர் வென்ற பெரிய பெயர்களில் நப்போலெஸ் கீழ் எடைப்பிரிவிலிருந்து ஏறி வந்தவர், கிரிஃபித்தும் அங்கிருந்து வந்தவர்தான். மொன்சோன் யாருக்காகவும் மேலே ஏறவில்லை.

அதனால் என் ஓட்டு ரொபர்ட்டோ டுரானுக்கு. 1972 ஜூனில் ஸ்காட்லாந்தின் புக்கானனிடமிருந்து லைட்வெயிட் (135 பவுண்டு வரையுள்ள எடைப்பிரிவு) பட்டத்தைப் பறித்தார். பதின்மூன்றாவது சுற்று முடிந்து மணி அடித்த பிறகு விழுந்த அடி இடுப்புக்குக் கீழே என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் புலம்புகிறார்கள். புலம்பலில் நியாயம் உண்டு, மறுசண்டை கொடுக்காதது டுரான் தப்பு. ஆனால் அதுவரை பாயிண்டில் முன்னால் இருந்தது அவர்தான். பிறகு 12 முறை பட்டத்தைக் காத்தார், அதில் 11 நாக் அவுட்.

எழுபதுகளில் தோல்வி ஒன்றே ஒன்று: 1972 நவம்பர், எஸ்தெபான் டி ஹெசூஸோடு, பட்டம் பணயமில்லாத 10 சுற்று. முதல் சுற்றிலேயே இடது ஹுக்கில் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) விழுந்தார். இந்த இருவரின் மூன்று சண்டைகளையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலிரண்டிலும் டுரான் தலையை முன்னே நீட்டிக்கொண்டு பாய்கிறார், ஹுக் அங்கேதான் காத்திருக்கிறது. 1974-இலும் முதல் சுற்றில் விழுந்தார். எழுந்து பதினொன்றாவதில் முடித்தார். 1978-இல் பாய்ச்சல் போய்விட்டது. ஜேப் (முன்கையால் போடும் நேர் குத்து) போட்டு, தலையை நகர்த்தி, உடம்பில் அடித்து மூச்சை வாங்கி, பன்னிரண்டாவது சுற்றில் கீழே போட்டார். குத்துகிறவன் யோசிக்கக் கற்றுக்கொள்வதை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

மொன்சோன் செய்யாததையும் செய்தார். 135 பவுண்டை விட்டு மேலே போய், 1979 ஜூனில் முன்னாள் வெல்டர்வெயிட் (லைட்வெயிட்டுக்கு மேலுள்ள எடைப்பிரிவு) சாம்பியன் பலோமினோவைக் கீழே போட்டு, பத்துச் சுற்றில் பாயிண்டிலும் வென்றார்.

இங்கே யாராவது சுகர் ரே லியோனார்டை இழுப்பார்கள். டுரான் அவரை ஜூனில் ஜெயித்ததும், நவம்பரில் மறுசண்டையைப் பாதியில் கைவிட்டதும் 1980. இரண்டுமே அடுத்த பத்தாண்டுக் கணக்கு, அண்ணே.