குளுக்கோஸுக்கு முன்னால் தயாமின்

காலையில் என்ன சாப்பிட்டீங்க சித்தப்பா என்று கேட்டால், "மதுரைக்குப் போயிருந்தேன்டா, அங்கேயே பரோட்டா" என்பார். அவர் தெருமுனையைத் தாண்டியே மாதக்கணக்காகிறது. அது பொய் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாகவே கதை கட்டி அடைக்கிறது. 1887-இல் ரஷ்ய மருத்துவர் கோர்சகாவ் விவரித்த மறதி நோய் இது; சித்தப்பாவுக்குக் குடியால் வந்தது.

குடிப்பவர்களுக்குச் சோறு இறங்காது. இறங்கினாலும் குடல் தயாமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ, சரியாக உறிஞ்சாது. உடம்பில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான். தீர்ந்தால் முதலில் வருவது வெர்னிக்கே பாதிப்பு என்ற மூளைக் கோளாறு: கண் அலைபாயும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். பார்ப்பவர்களுக்கு "இன்னும் போதை தெளியல" என்றுதான் தோன்றும். எனக்கு மிகப் பெரிய பயமே அதுதான். ஏனென்றால் அந்த நேரத்தில் தயாமினை நரம்பு வழியாக, அதிக அளவில், தாமதிக்காமல் ஏற்றினால் பலரை மீட்க முடியும். மாத்திரை போதாது. குளுக்கோஸ் ஏற்றுவதென்றால் தயாமின் அதற்கு முன்போ கூடவோ போக வேண்டும். சர்க்கரையை எரிப்பதில் மிச்சமிருக்கும் தயாமினும் செலவாகிவிடும். மெக்னீசியம் குறைந்திருந்தாலும் ஊசி சரியாக வேலை செய்யாது. அவசரப் பிரிவில் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள்.

அந்த நேரம் தவறி மறதி நிலைத்த பிறகு டொனெபெசில், மெமன்டைன் போன்ற அல்சைமர் மாத்திரைகளைச் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. குடியை அடியோடு நிறுத்துவதும், நல்ல சாப்பாடும், தயாமினும்தான் சித்தப்பாவுக்கு இப்போது. சித்தி தினமும் கரும்பலகையில் தேதியும் சாப்பிட்டதும் எழுதி வைக்கிறார். இப்போதெல்லாம் கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் சித்தப்பா பலகையைப் பார்க்கிறார்.