கொஞ்சம் மெதுவா, அம்மா

“கொஞ்சம் மெதுவா, அம்மா” என்று, அப்போதுதான் இறந்த கணவருக்காகச் சத்தமாக அழுதவரிடம் நான் சொன்னது சரிதான். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆறு கட்டில் போட்ட வார்டு, நடுராத்திரி, அடுத்த திரைக்குப் பின்னால் அன்றுதான் ஆபரேஷன் முடிந்த ஒருவர். “உனக்குத்தான் அவர்கள் மொழி தெரியுமே, நீயே சொல்லிவிடு” என்றார் பொறுப்பு நர்ஸ். லண்டனில் தமிழ் நர்ஸ் என்றால் இப்படிப்பட்ட உபரி வேலைகள் தானாக வந்து சேரும்.

“என்ர ராசா, என்னை ஆரிட்ட விட்டிட்டுப் போட்டியள்” என்று கணவரின் தலைமாட்டில் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

“அப்ப நான் எங்க போய் அழுறது, பிள்ளை?”

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அதே வார்டில் மனைவியை இழந்த ஆங்கிலேயர், அவளுடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கூட்டில் வைத்தார், எல்லோருக்கும் நன்றி சொன்னார், கார் நிறுத்திய கட்டணத்தை எங்கே கட்டுவது என்று கேட்டார். ‘நன்றாகத் தாங்கிக்கொண்டார்’ என்று ஷிப்ட் மாறும்போது பேசிக்கொண்டோம். இந்த அம்மாவை ‘ரொம்ப உடைந்துவிட்டார்’ என்றோம். எதை வைத்துச் சொன்னோம்?

படிக்கிற காலத்தில் ஒரு சோதனையைப் பாடமாக வைத்திருந்தார்கள். வாலஸ் ஃப்ரீசன் 1972இல் எழுதியது. ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்குப் பார்க்கச் சகிக்காத படங்களைப் போட்டார்கள். தனியே பார்த்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி முகம் சுளித்தது; ஆய்வாளர் கூட இருந்தபோது ஜப்பானியர்கள் சிரிப்பால் மறைத்தார்கள். உள்ளே இருப்பது எல்லோருக்கும் ஒன்றுதான், வெளிக்காட்டத்தான் ஊருக்கு ஊர் விதி. தேர்விலும் எழுதினேன், நம்பவும் செய்தேன்.

ஒப்பாரியை அதில் எங்கே வைப்பது? எங்கள் ஊரில் தெருமுனை வரை வேறு கதை பேசிக்கொண்டு வரும் பெண்கள், இழவு வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிப்பிடித்து அழுவார்கள். (என் அத்தைக்குக் கண்ணீரே வராது, குரல் மட்டும் தெருவை எழுப்பும்.) அதை யாரும் நடிப்பு என்பதில்லை. செத்தவருக்குச் செய்யவேண்டிய முறை அது. அப்படியானால் நான் அடக்கச் சொன்னது துக்கத்தையா, முறையையா? உடலைக் குளிப்பாட்டக் கூடாது என்று யாரிடமும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

ஆனால் திரைக்குப் பின்னால் இருந்தவர் பயந்துபோய் மணியை அழுத்திக்கொண்டே இருந்தாரே, அவருக்கு என்ன பதில்? தனி அறை கொடுத்திருக்கலாமே என்றாள் தோழி. தனி அறைகள் முதலில் தொற்று உள்ளவர்களுக்குத்தான். அன்று ஒன்றும் காலியில்லை. உறவினர் உட்காரும் அறை ஒன்று காலியாக இருந்தது, உடலை அங்கே கொண்டுபோக முடியாது. அவரை விட்டுவிட்டு அங்கே போய் அழுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெதுவாக அழச் சொல்லத்தான் வந்தது.