தாத்தாவின் யுத்தகாலக் கணக்கு நோட்டுகளைப் படித்து முடித்த கதை

அத்தை வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் ஆறு நோட்டுகள் இருந்தன. நீளவாக்கில் தைத்த, துணி அட்டை போட்ட கணக்கு நோட்டுகள். வருஷத்துக்கு ஒன்று: விஷு, சித்திரபானு, சுபானு, தாரண, பார்த்திப, விய. ஆங்கிலக் கணக்கில் 1941 சித்திரையிலிருந்து 1947 பங்குனி வரை. தாத்தா அப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு குமாஸ்தா. திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம். வீட்டில் தாத்தா, பாட்டி, தாத்தாவின் அம்மா, அத்தை, கைக்குழந்தையாக என் அப்பா, ஆக ஐந்து பேர்.

யுத்த காலத்தில் விலைவாசி எப்படி ஏறியது என்பதை எங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை எட்டு மாதம் இழுத்தது. வீட்டில் இப்படிப் பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். நான் தடுக்கி விழுந்த இடங்கள் உங்களுக்கு உதவலாம்.

முதல் தடுக்கல் குறிகள். எண்களை அவர் இன்று நாம் எழுதுகிற மாதிரியேதான் எழுதியிருந்தார். குறிகள்தான் தமிழ். ரூபாய்க்கு ௹, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டன. ௸ என்ற குறிதான் என்னைக் கவிழ்த்தது. அது ஏதோ எடைக் குறி என்று எண்ணி, பொருளின் பெயர் இல்லாத அந்த வரிகளை ஒரு மாதம் முழுக்க விட்டுவிட்டுப் போனேன். மாதக் கடைசியில் கூட்டினால் அவர் போட்ட கூட்டுத்தொகைக்கும் என்னுடையதற்கும் ஒட்டவே இல்லை. ௸ என்றால் 'மேற்படி'. மேல் வரியில் பருப்பு என்றிருந்தால் கீழே '௸' என்பதும் பருப்புதான். திரும்ப முதலிலிருந்து. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒவ்வொரு பக்கத்தையும் அவருடைய கூட்டுத்தொகையோடு சரிபார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை. ஆறு வருஷத்தில் அவர் கூட்டலில் நான் கண்ட பிழை இரண்டே இரண்டு.

பணத்தைக் கணினியில் ஏற்றுவதற்கு எல்லாவற்றையும் பழைய தம்பிடிக் கணக்கில் போடுவதுதான் நல்ல வழி. 12 தம்பிடி ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய், ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 3-5-6 என்றிருந்தால் 642 தம்பிடி. எடைக்கு 40 பலம் ஒரு வீசை. இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.4 கிலோ.

அரிசி அளக்கும் படிதான் கஷ்டம். சித்திரபானு நோட்டில், 1942 சித்திரை தொடங்கியதும் அரிசிச் செலவு அளவில் திடீரென்று இரண்டு மடங்கு ஆகிறது. விருந்தாளிகள் வந்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு அதற்கு முந்திய நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். பூட்டு 2, கயிறு, ரயில் டிக்கெட், கூலி. 1942 ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையில். அடுத்தது சென்னைதான் என்று ஊரே காலியான வாரம் அது. பாட்டியையும் குழந்தைகளையும் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு, தாத்தா மட்டும் வேலைக்காகத் தங்கியிருக்கிறார். கிராமத்துச் செலவைக் கடிதத்தில் வரவழைத்து இதே நோட்டில் ஏற்றியிருக்கிறார். அங்கே புழங்கியது சின்னப்படி. பட்டணம் படியில் பாதி. அரிசி கூடவில்லை, படி சுருங்கியிருந்தது. ஆகவே பழைய கணக்கில் 'படி' என்று கண்டால் எந்த ஊர்ப் படி என்று கேட்காமல் மேலே போகாதீர்கள்.

அந்தக் கோடைப் பக்கங்களில் ஒரு வரி நெடுநாள் புரியாமலே கிடந்தது. "நடந்து வந்தவர் 2, சாப்பாடு, வேஷ்டி 2." எல்லாரும்தானே நடந்து வருகிறார்கள், இதை ஏன் எழுதினார்? அத்தையிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு இப்போது எண்பத்தொன்பது. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"பர்மாவிலிருந்து நடந்து வந்தவங்கடா அது. நம்ம தெருவில் ரெண்டு வீட்டுப் பிள்ளைங்க ரங்கூன்ல வேலையா இருந்தாங்க. ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. கால்ல துணி சுத்தியிருந்தாங்க. பாட்டி என்னைக் கிட்டப் போக விடலை. காயத்தைப் பார்த்து நான் பயந்துடுவேன்னு."

ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பான் கைக்குப் போனது 1942 மார்ச் 8. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்து அஸ்ஸாம் பக்கமும் சிட்டகாங் பக்கமும் வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். விஷு நோட்டில் வாராவாரம் வந்துகொண்டிருந்த 'ரங்கூன் அரிசி' என்ற சொல்லும் அந்த மார்ச்சோடு நின்றுபோகிறது. பிறகு ஒரு நோட்டிலும் அது வரவில்லை.

இன்னொரு புதிர், தேதிக்குப் பக்கத்தில் அவ்வப்போது வரும் 'ப.ம.' பிரசவத்துக்கு ஆள் அனுப்பியது ப.ம. 4, திவசம் ப.ம. 11. ஏதோ மருந்தின் பெயராக இருக்குமோ என்றுகூட யோசித்தேன். ஒரே சொல்லில் அவிழ்ந்தது: பழைய மணி. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ஆபீசும் ரயிலும் புது மணியில் ஓடின. ராகு காலமும் நல்ல நேரமும் பார்க்கிறவர்கள் பழைய மணியை விடவில்லை. தாத்தா இரண்டு மணியிலும் வாழ்ந்திருக்கிறார்.

இந்தச் சின்னக் குறிதான் பிற்பாடு எனக்குப் பெரிய உதவி செய்தது. நோட்டுகளுக்கு நடுவே பிரிந்து கிடந்த ஒரு தாளில் வருஷம் இல்லை. "பிராட்வே, ஹரிதாஸ், 3 டிக்கெட்" என்று மட்டும் இருந்தது. படத்தை வைத்து வருஷம் பிடித்துவிடலாம் என்று உற்சாகமாகக் கிளம்பினேன். ஆனால் அது 1944 தீபாவளிக்கு வந்து, அதே பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம். மூன்று வருஷத்தில் எந்த வருஷம் என்று எப்படிச் சொல்வது? தாளின் கீழ் மூலையில் 'ப.ம. 6' என்றிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அப்படியென்றால் 1945 அக்டோபர் பாதிக்கு முன்னால். தாரண நோட்டில் 1944 நவம்பர் இரண்டாவது வாரம் தொட்டு 'பேப்பர் கூடுதல் 1' என்று நாள்தோறும் வருகிறது. சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிவந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டது நவம்பர் 8. ஹரிதாஸ் படத்தின் கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதரே அந்தக் கொலை வழக்கில் கைதாகி உள்ளே போன பிறகும் தியேட்டரில் கூட்டம் குறையவில்லை. காசை எண்ணி எண்ணிச் செலவழித்த மனிதர் இரண்டாவது பேப்பர் வாங்கியிருக்கிறார் என்றால், ஊர் எவ்வளவு கொந்தளித்திருக்க வேண்டும்!

செய்திகளையும் பேச்சையும் சரிபார்க்கத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் நாலைந்து நாள் உட்கார்ந்தேன். அந்த வருஷங்களின் பத்திரிகைகளைப் புரட்டும்போது தாள் தட்டுப்பாடு கண்ணுக்கே தெரிந்தது. பக்கம் குறைகிறது, எழுத்து நெருங்குகிறது, தாள் பழுப்பாகிறது. அங்கே படித்த பிறகுதான் 'ஓ.கா. 12' என்றால் ஓட்டைக் காலணா பன்னிரண்டு, அதாவது மூன்று அணா என்று புரிந்தது. செம்பை மிச்சம் பிடிக்க 1943இல் நடுவில் ஓட்டை போட்டு வந்த காசு. சில்லறைத் தட்டுப்பாடு அப்படி. அந்தக் காசு கையில் கிடைத்ததைத் தனியே குறித்து வைக்கும் அளவுக்கு அருமையாக இருந்திருக்கிறது.

இனி நான் செய்த பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் கழித்து விலைகளை மட்டும் எடுத்து ஒரு வரைபடம் போட்டேன். பொருளின் பெயர், விலை, தேதி. அரிசி விலை 1942இல் ஏறுகிறது, 1943இல் இன்னும் ஏறி யுத்தத்துக்கு முந்திய விலையின் இரண்டு மடங்கை நெருங்குகிறது, பிறகு கோடு கிட்டத்தட்டத் தட்டையாகப் படுத்துவிடுகிறது. ரேஷன் வந்தது, விலை அடங்கியது, குடும்பம் மூச்சுவிட்டது என்று எழுதியும் வைத்துவிட்டேன். அதை அத்தையிடம் வாசித்தபோது அவர் சொன்ன ஒரே வாக்கியம்: "விலை கிடக்கட்டும், எத்தனை படி வாங்கினாங்கன்னு பாரு."

அளவு எல்லாம் நோட்டிலேயே இருந்தது. நான்தான் அந்தப் பத்தியைத் தட்டச்சு செய்யவில்லை. மறுபடி ஆறு நோட்டையும் எடுத்து, அளவை ஏற்றி, தலைக்கு ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வகுத்தேன். இப்போது வேறு படம் வந்தது. விலைக்கோடு படுத்த அதே இடத்தில் அரிசியின் அளவு சரிகிறது. ரேஷன் விலை கட்டுப்பாட்டு விலை, அது ஏறாது. கிடைப்பதும் அட்டைக்கு உள்ளது மட்டும். 1946இல் தானிய ரேஷனையே ஆளுக்கு நாளைக்கு 12 அவுன்ஸாகக் குறைத்தார்கள், ஏறக்குறைய 340 கிராம். அதிலும் ஒரு பகுதி கோதுமையாக வந்தது. சோறு மட்டுமே தின்று பழகிய வீட்டில் 'கோதுமை அரைத்த கூலி' என்று புதிதாக ஒரு வரி முளைக்கிறது. கேழ்வரகு வருகிறது. காப்பிக்கொட்டை அரை வீசையிலிருந்து கால் வீசையாகிறது, பிறகு பலக் கணக்கில் வருகிறது. சம்பள வரவில் 'பஞ்சப்படி' என்ற சொல் தலைகாட்டுகிறது. இன்று அகவிலைப்படி என்று வாங்குவது இதைத்தான்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'அந்தக் காலத்தில் அரிசி என்ன விலை தெரியுமா' என்ற பட்டியல்களைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. விலைக்குப் பக்கத்தில் சம்பளம் இல்லை, அளவு இல்லை, வரிசையில் நின்ற நேரம் இல்லை. அந்த நேரத்தை எந்த நோட்டும் எழுதி வைக்காது. அத்தைதான் சொன்னார். மண்ணெண்ணெய் வரிசையில் விடிவதற்கு முன் டின்னை வைத்து இடம் பிடிப்பது அவர் வேலை. ஏழு வயதுப் பெண். பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் வரிசை நகராத நாட்களில் பாட்டி அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மாற்றி நின்றிருக்கிறார்.

துணிக் கணக்கும் அப்படித்தான். 'ஸ்டாண்டர்டு துணி' என்று சர்க்கார் விலையில் வந்த முரட்டுத் துணியை வாங்கியதற்கு வரி இருக்கிறது. பாட்டிக்குப் புடவை என்று தனியாக ஒரு வரியைத் தேடினேன். சுபானு நோட்டில் ஒன்று, பார்த்திபவில் ஒன்று. நடுவில் தாரண வருஷம் முழுக்க ஊசி, நூல் உருண்டை, ஊசி, நூல் உருண்டை. அத்தைக்குத் தீபாவளிப் பாவாடை எதிலிருந்து வந்தது என்று கேட்டேன்.

"அம்மாவோட சிவப்புப் புடவைடா. ஓரம் மட்டும் நல்லா இருந்துது."

தட்டச்சு முடிந்த தாள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போய் அத்தைக்கு முழுக்க வாசித்தேன். கண் தெரியவில்லை என்பதால் கேட்டுக்கொண்டே இருந்தார். விய வருஷத்தில், 1946 ஆடியில், 'பால் ¼ படி, நிறுத்தம்' என்ற வரி வந்தபோது கையைத் தூக்கினார். மாட்டுக்காரர் நிறுத்தவில்லையாம். பாட்டிதான் வேண்டாம் என்று சொன்னாராம், அந்தக் காசுக்குக் கோதுமை மாவோடு கலக்க அரிசி வெளியில் வாங்கலாம் என்று. "எங்க அப்பாவுக்கு, உன் தாத்தாவுக்கு, அது தெரியாது. எழுதிக்கோ" என்றார். வரிக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.